பழைய பென்ட்லியின் மேல் கண் வைத்திருப்போருக்கு

லண்டனிலும் லெஸ்டரிலும் பர்மிங்காமிலும் தொழில் நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், இந்த ஆசையில் அவர்களுக்குச் சற்றும் சளைக்காத இரண்டொரு அக்காமாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். வாட், சம்பளப் பட்டியல், வரி எல்லாம் பேசி முடித்து, கோப்பை மூடி, கதவுவரை போய்த் திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "கான்டினென்டல் ஜிடி ஒண்ணு பதினைந்தாயிரத்துக்கு வருது, எடுக்கலாமா?" வாசலில் நின்றபடி பதில் சொல்கிற கேள்வி இல்லை இது. கேட்பவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆகவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

விலை ஏன் இப்படி விழுந்து கிடக்கிறது என்பதை முதலில் பேசிவிடலாம். இத்தனை பெரிய வண்டி இவ்வளவு மலிவா என்ற வியப்பிலேயே பாதிப் பேர் மயங்கிவிடுகிறீர்கள்.

பென்ட்லி 1998இல் ஃபோக்ஸ்வாகன் கைக்கு வந்தது. செஷயரில் உள்ள க்ரூ தொழிற்சாலையோடு சேர்த்து விக்கர்ஸ் நிறுவனத்திடம் 43 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். கூடவே இருந்த ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் மட்டும் நழுவி பிஎம்டபிள்யூவிடம் போய்விட்டது. பெயர் பாதி போனாலும் தொழிற்சாலையை நிரப்பியாக வேண்டும். அதற்காக வந்ததுதான் 2003இல் கான்டினென்டல் ஜிடி. ஆறு லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், இரட்டை டர்போ, 552 குதிரைத்திறன், மணிக்கு 198 மைல் வேகம். விலை 1,10,000 பவுண்டை ஒட்டி. அந்தக் காசுக்கு அப்போது இப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. கால்பந்து வீரர்களும் வீட்டு மனைக்காரர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். 2007இல் பென்ட்லி உலகம் முழுக்க 10,014 வண்டிகளை விற்றது. பத்தாயிரத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

இன்றைய மலிவுக்கு அதுதான் வேர். 1952இல் வெளிவந்த ஆர்-டைப் கான்டினென்டலை மொத்தம் 208தான் செய்தார்கள், அதனால் இன்று அதன் விலை பல லட்சம் பவுண்டு. நீங்கள் பார்க்கும் ஜிடி அந்த வம்சத்தின் பெயரைச் சுமந்தாலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. முதல் உரிமையாளர் மூன்று நான்கு வருடத்தில் புது மாடலுக்குப் போய்விடுவார். இரண்டாமவர் வாரன்டி இருக்கும்வரை வைத்திருப்பார். மூன்றாமவர் பெரிய ரிப்பேர் பில் ஒன்று வந்ததும் விற்பார். நான்காவது, ஐந்தாவது ஆளாக வரிசையில் நிற்பவர் நீங்கள். எனவே, "இன்னும் பத்து வருஷத்துல இது கிளாசிக் ஆயிடும், அப்ப பாருங்க" என்று என்னிடம் சொல்ல வேண்டாம். ஆகலாம். ஆனால் 208 வண்டிக்கு நடந்தது இத்தனை ஆயிரம் வண்டிக்கு நடக்க நாள் ஆகும். (அப்படியே லாபம் வந்தாலும் சொந்தக் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நட்டம் வந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வரித்துறையான எச்எம்ஆர்சிக்கு இந்த விளையாட்டின் முடிவு தெரியும்போல.)

அடுத்தது நீங்கள் எல்லாரும் எடுத்து வீசும் வாதம். "நாற்பதாயிரம் குடுத்துப் புது எஸ்யூவி எடுத்தா மூணு வருஷத்துல பதினைஞ்சு, இருபதாயிரம் காணாமப் போகும். பதினைந்தாயிரத்துக்கு வாங்கின பென்ட்லி அதுக்கு மேல விழ முடியுமா? விழ வேண்டியது எல்லாம் விழுந்து முடிஞ்சாச்சு." உங்களில் ஒருவர் இதை எக்செல்லில் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். கணக்கில் தப்பில்லை. தேய்மானத்தின் பெரும்பகுதியை முன்னால் இருந்தவர்கள் கட்டிவிட்டார்கள் என்பது உண்மைதான்.

எனக்கு அதில் இரண்டு தடைகள். ஒன்று, அந்த எஸ்யூவியை நீங்கள் விற்கப்போவதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விடவும், கடைக்குச் சரக்கு ஏற்றவும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் அது வாசலில் நிற்கத்தான் போகிறது. பென்ட்லி இரண்டாவது வண்டி. அப்படியானால் எஸ்யூவியின் தேய்மானத்தோடு அதை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பென்ட்லி வாங்காமல் இருந்தால் ஆகும் செலவோடுதான் ஒப்பிட வேண்டும், அந்தச் செலவு பூஜ்யம்.

இன்னொன்று, விலைதான் சரிந்து முடிந்திருக்கிறது, வண்டி தேய்வதை நிறுத்தவில்லை. புது காரில் அந்தத் தேய்வு விற்கிற நாளில் ஒரே தொகையாகக் கண்ணில் படும், அதுவரை வலிக்காது. பழைய காரில் அதே தேய்வு மெக்கானிக் பில்லாக வரும், முன்கூட்டிச் சொல்லாமல் வரும். பில் போடுகிறவருக்கு நீங்கள் பதினைந்தாயிரத்துக்கு வாங்கினீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பவுண்டு வண்டிக்கு என்ன பாகமோ அந்தப் பாகம், என்ன கூலியோ அந்தக் கூலி. யானையை மலிவாகப் பிடித்தவனுக்கும் தீனி யானைத் தீனிதான்.

அந்த எஞ்சினைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இது விளங்கும். அதை டபிள்யூ12 என்கிறார்கள். 15 டிகிரியில் நெருக்கி வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டை 72 டிகிரியில் ஒட்டவைத்த மாதிரி அமைப்பு. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் இவ்வளவு குட்டையாக முடிவது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நீளத்தில் மிச்சப்பட்டது அகலத்தில் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் கை நுழைக்க இடமிருக்காது. டர்போவோ, பின்பக்கம் ஓடும் ஒரு கூலன்ட் குழாயோ போய்விட்டால், பல நேரம் எஞ்சினையே கீழே இறக்கித்தான் கை வைக்க முடியும். அப்படிப்பட்ட பில்களை நான் பதிவு செய்திருக்கிறேன். பாகம் என்ற வரியில் இரண்டு இலக்கம், கூலி என்ற வரியில் நான்கு இலக்கம். முதல் தடவை பார்த்தபோது தட்டச்சுப் பிழை என்று நினைத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

குறைந்த மைல் ஓடிய வண்டி என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை அதற்கு மயங்காதீர்கள். குளிர்காலம் முழுக்க கராஜில் நின்றால் டர்போவின் வேஸ்ட்கேட் துருப்பிடித்து இறுகிவிடும். டிக்கியில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன, ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றது மின் சாதனங்களுக்கு. வண்டி நின்றே கிடந்தால் இரண்டும் இறங்கும். கண்ணாடிக்குக் கீழே இலை தழை சேர்ந்து வடிகால் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி மின் இணைப்புகளைத் தேடிப் போகும். எண்பதாயிரம் மைல் ஓடி, வருடம் தவறாமல் சர்வீஸ் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பில் வைத்திருக்கும் வண்டி, இருபத்தைந்தாயிரம் மைலில் நின்றுகொண்டே வயதான வண்டியைவிட எவ்வளவோ தேவலை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் பழைய கார் சந்தையே எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அந்த ஆய்வுக்கு 2001இல் நோபல் பரிசும் வந்தது. நல்ல வண்டி வைத்திருப்பவருக்கும் ஓட்டை வண்டியின் விலைதான் கிடைக்கிறது, அதனால் நல்லதை வைத்திருப்பவர் விற்க வருவதில்லை என்பது சாரம். பதினைந்தாயிரத்துக்கு நிற்கிற ஜிடிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் இந்த நாட்டில் அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வழி உண்டு, காசும் கொடுக்க வேண்டாம். பதிவு எண்ணை அரசாங்கத்தின் எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனையின் வரலாற்றுப் பக்கத்தில் போட்டால் வண்டியின் ஜாதகமே வந்துவிடும். பாஸ், ஃபெயில் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே இருக்கும் அட்வைசரி வரிகளைப் படியுங்கள். முன் சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது என்று ஒரு வருடம் எழுதியிருக்கும். அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடம் அது ஃபெயிலாக மாறி, அன்றைக்கே பாஸ் ஆகியிருக்கும். இதற்குப் பொருள் என்ன? இருநூறு, முந்நூறு பவுண்டு வேலையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டு, சோதனையில் மாட்டிய பிறகே செய்த ஆள் இந்த வண்டியை வைத்திருந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்த புஷ்ஷையே தள்ளிப்போட்டவர் கியர்பாக்ஸ் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பாரா? மைல் கணக்கையும் வருடவாரியாகப் பாருங்கள். நடுவே இரண்டு வருடம் ஐம்பது மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு பெரிய வேலைக்குக் காசில்லாமல் ஓரம் கட்டியிருக்கலாம். கேளுங்கள்.

நேரில் பார்க்கப் போனால் காலையில் போங்கள், "நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி இது. எங்காவது காற்றுக் கசிந்தால் ராத்திரியில் ஒரு மூலை இறங்கிவிடும். எஞ்சினைக் கிளப்பிவிட்டால் கம்ப்ரஸர் ஓடி நிமிர்த்திவிடும், உங்களுக்குத் தெரியாது. விற்கிறவர் நீங்கள் வருமுன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இனி நான் பிழைக்கிற பிழைப்பைப் பற்றிய விஷயம். உங்களில் கிட்டத்தட்ட எல்லாரும் அடுத்ததாகக் கேட்பது, "கம்பெனி பேருல எடுத்துப் போட்டா என்ன?" தயவுசெய்து வேண்டாம். கம்பெனி வாங்கிய காரை இயக்குநர் சொந்தத்துக்கு ஓட்டினால் அது சம்பளத்தோடு சேர்ந்த சலுகை. அதற்கு வரி போடும்போது நீங்கள் கொடுத்த பதினைந்தாயிரத்தை எச்எம்ஆர்சி பார்க்காது. வண்டி புதிதாக வெளிவந்தபோது இருந்த பட்டியல் விலையைத்தான் பார்க்கும். 1,10,000 பவுண்டு. இவ்வளவு புகை விடுகிற வண்டிக்கு உச்ச விகிதம் 37 சதவீதம். ஆக வருடத்துக்கு 40,700 பவுண்டு உங்கள் வருமானத்தில் ஏறும். 40 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் 16,280 பவுண்டு வரி, வருடா வருடம். கம்பெனி பங்குக்குத் தேசியக் காப்பீடு 15 சதவீதம், இன்னொரு ஆறாயிரத்துச் சொச்சம். வண்டியின் விலையைவிட முதல் வருட வரி அதிகம். இதற்கு ஈடாகக் கம்பெனிக்குக் கிடைக்கும் தேய்மானக் கழிவோ வருடத்துக்கு 6 சதவீதம், முதல் வருடம் 900 பவுண்டு. சந்தை ஒரு லட்சத்தை மறந்துவிட்டது, வரித்துறை மட்டும் மறக்கவில்லை. சொந்தப் பணத்தில், சொந்தப் பெயரில் வாங்குங்கள்.

ஓட்டுகிற செலவுக்கு என் தோராயத்தைத் தருகிறேன். கேலனுக்கு 16 மைல் என்று வைத்துக்கொண்டால், வருடம் 5,000 மைலுக்கு 1,400 லிட்டருக்கு மேல் பெட்ரோல். லிட்டர் 1.40 என்றால் 2,000 பவுண்டு. சாலை வரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: 2006 மார்ச் 23க்கு முன் பதிவான வண்டி என்றால் கே பிரிவு, அதன் பிறகு என்றால் எம் பிரிவு. 2025 ஏப்ரல் விகிதப்படி முறையே 430, 760 பவுண்டு. ஒரே வண்டி, ஒரு வாரம் முன்பின் பதிவானதில் வருடம் 330 பவுண்டு வித்தியாசம். லண்டன்காரர்கள் மிகப் பழையதை எடுக்குமுன் யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்கான தகுதி இருக்கிறதா என்று எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாசலை விட்டு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50. டயர், பிரேக்கெல்லாம் சாதாரண அளவு இல்லை, முன் பிரேக் டிஸ்க்கின் விட்டம் 405 மில்லிமீட்டர். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து, எதிர்பாராததற்கு ஒரு நாலாயிரம் ஒதுக்கினால் வருடம் எட்டாயிரத்தை ஒட்டி வரும். இரண்டு வருடத்தில் வண்டியை இன்னொரு தடவை வாங்கிய மாதிரி. அந்த நாலாயிரம் தனிக் கணக்கில் ரொக்கமாக இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் இருக்கும் லிமிட்டை நான் ஒதுக்கீடாக ஏற்க மாட்டேன்.

இவ்வளவும் படித்துவிட்டு, வேண்டாம் என்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை.

நான் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். டாஷ்போர்டில் வட்ட வட்டமாக ஏசி துவாரங்கள். அவற்றைத் திறக்க, தேவாலய ஆர்கனில் இருப்பது போன்ற குமிழ் வைத்த உலோகக் கம்பிகள். பிடித்து இழுத்தால் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். யாரோ ஒருவர் இதன் எடைக்காக மெனக்கெட்டிருக்கிறார் என்று விரலுக்குத் தெரியும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, மிதித்தால் சத்தம் போடாமல் தள்ளிக்கொண்டு போகும். நீண்ட தூரம் போகவே செய்த வண்டி. 1930 மார்ச்சில் வுல்ஃப் பார்னாடோ என்ற வைர வியாபாரக் குடும்பத்துக்காரர், பிரெஞ்சுக் கடற்கரையில் கானிலிருந்து கிளம்பும் நீல ரயில் கலேவை அடையுமுன் தான் லண்டன் போய்விடுவதாகப் பந்தயம் கட்டினார். ஸ்பீட் சிக்ஸ் பென்ட்லியில் ராவோடு ராவாக ஓட்டி, ரயில் கலே வருவதற்கு நான்கு நிமிடம் இருக்கையில் லண்டனில் தன் கிளப்பில் போய் இறங்கினார். பென்ட்லி கம்பெனிக்கே பணம் போட்டு நடத்தியவர் அவர். அடுத்த வருடமே கம்பெனி கடனில் மூழ்கி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. இந்த வண்டிகளில் பணம் பார்க்க அவராலேயே முடியவில்லை, ஆனால் அந்தப் பயணத்துக்காக அவர் வருந்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே ஆசையை ஆசை என்றே கணக்கில் எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதலீடு என்றோ சிக்கனம் என்றோ வேறு தலைப்பில் எழுதினால், முதல் பெரிய பில் வந்ததும் ஏமாந்துவிட்டோம் என்று குமைவீர்கள், பாதி விலைக்குத் தள்ளிவிடுவீர்கள், அடுத்த ஆள் அதை வாங்க என்னிடம் கேட்டுக்கொண்டு வருவார். வருடம் எட்டாயிரம் என் சந்தோஷத்துக்கு என்று எழுதி, வீட்டில் காட்டி, அவர்களும் சரி என்றால், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருபது வருடம் விடுமுறை எடுக்காமல் கடை திறந்தவர்கள் நீங்கள். கல்யாண மண்டபத்து வாசலில் இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்கு இந்த வண்டி பொருத்தம்தான். 2003இலிருந்து 2018வரை தோற்றம் பெரிதாக மாறவில்லை, வருடம் காட்டாத தனி நம்பர் பிளேட் ஒன்றைப் போட்டுவிட்டால் மாமாமாருக்கு வயது தெரியப்போவதில்லை.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டுகிறேன் என்பவர்கள் முதலில் வாடகை ஓட்டத்துக்கான இன்ஷூரன்ஸ் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

நானாக இருந்தால் எதை எடுப்பேன் என்றும் சிலர் கேட்டீர்கள். பதினைந்தாயிரத்து டபிள்யூ12ஐ விட்டுவிடுவேன். என் தேர்வு 2012இல் வந்த நான்கு லிட்டர் வி8, 500 குதிரைத்திறன், எட்டு கியர். மெதுவாகப் போகும்போது நான்கு சிலிண்டரை அணைத்துக்கொள்ளும் எஞ்சின். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அதனால் இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும். இதுவும் குற்றமற்றது இல்லை. இதே குடும்பத்து எஞ்சின் உள்ள ஆடி கார்களில் டர்போவுக்கு ஆயில் போகும் சல்லடை அடைத்துக்கொண்டு தொல்லை கொடுத்திருக்கிறது. அதை மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்பேன். டீலரிடம் வாங்குவேன், ஏனென்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி பழுதுள்ள வண்டியை முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை தனி ஆளிடம் வாங்கினால் கிடையாது. பாக்கிக் கடன் இருக்கிறதா, விபத்தில் எழுதித் தள்ளிய வண்டியா என்பதையும் பார்த்துவிடுவேன்.

பார்க்கப் போகுமுன் பதிவு எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எம்ஓடி வரலாற்றைப் படித்துச் சொல்ல நான் கட்டணம் வாங்குவதில்லை. ஜனவரி 31 நெருங்குகிற வாரங்களில் மட்டும் அனுப்பாதீர்கள், அப்போது உங்கள் வரிக்கணக்கே என் மேசையில் பாதியில் கிடக்கும்.

அன்புடன்,
உங்கள் கணக்கர்